முட்டி வலி உள்ள அம்மாவோட தாமிரபரணி கரை கோயில்கள் – கொடைக்கானல்ல இருந்து மூணு நாள்ல எப்படி போறது?

பூம்பாறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பூம்பாறை, பூண்டு போடுறோம், சீசன்ல ரெண்டு ரூம் வாடகைக்கும் விடுறோம். அப்பா தவறி வர்ற தை மாசம் ஒரு வருஷம் ஆகுது. திதி குடுத்து முடிச்சதும் அம்மாவ வெளிய கூட்டிட்டு போகணும்னு நினைச்சிருந்தேன், எங்க போகணும்னு கேட்டா ஒரே வார்த்தைதான், தாமிரபரணி. அப்பா இருக்கறப்ப ரெண்டு பேரும் போறதா பல வருஷமா பேசிட்டே இருந்தாங்க, பூண்டு எடுக்கறது, நாத்து, சீசன்னு தள்ளிப்போயி கடைசில போகவே இல்ல.

அம்மாவுக்கு 68 வயசு. ரெண்டு முட்டியும் வலி, குழந்தை வேலப்பர் கோயிலுக்கே இப்பல்லாம் கைய புடிச்சுத்தான் வர்றாங்க. கீழ வெயிலும் ஒத்துக்காது, வத்தலகுண்டு தாண்டுறதுக்குள்ள தலை சுத்துதுன்னு படுத்துடுவாங்க. ஆனா இதுக்கு மட்டும் வந்தே தீருவேன்னு நிக்கிறாங்க.

பிரச்சனை லிஸ்ட்டுலதான். ஜோசியர் சனி சரியில்ல, நவகைலாயம், அதான் அந்த ஆத்தங்கரைல இருக்கற ஒன்பது சிவன் கோயில், பார்த்துட்டு வாங்கன்னு சொல்லிட்டார். பக்கத்து வீட்டு பெரியம்மா போன புரட்டாசில நவதிருப்பதி, அங்கயே இருக்கற ஒன்பது பெருமாள் கோயில், போயிட்டு வந்தவங்க, அவ்வளவு தூரம் போயிட்டு அதை விட்டுட்டு வருவியானு கேட்டுட்டாங்க. ஒன்பதும் ஒன்பதும் 18 கோயில் ஆச்சு. அது போக நெல்லையப்பர், திருச்செந்தூர். பொண்ணு எட்டாவது படிக்கிறா, அவளுக்கு ஆதிச்சநல்லூர் பார்க்கணுமாம். பையனுக்கு ஆறு வயசு, அவனுக்கு குளிக்க தண்ணி இருந்தா போதும். என் கைல இருக்கறது மொத்தம் மூணு நாள், அதுக்கு மேல ரூமையும் காட்டையும் விட்டுட்டு இருக்க முடியாது.

நான் பாதி ராத்திரி வரைக்கும் மேப்ப வெச்சு கோடு போட்டு பார்த்தேன், எப்படி போட்டாலும் கோயிலுக்கு பத்து நிமிஷம்தான் வருது. தெரிஞ்சவங்க சொல்லுங்க, எதை வைக்கறது எதை விடறது, கார்லயா ரயில்லயா, எங்க தங்கறது. அம்மாட்ட எதையாவது விட்டுடலாம்னு சொல்ல எனக்கு மனசு வரல, அதான் இங்க கேக்கறேன்.


பெருமாள்மலை டாக்ஸி:

அண்ணே நான் டாக்ஸிதான் ஓட்டுறேன், நெல்லை பக்கம் நிறைய தடவை போயிருக்கேன், ஆனா உங்க அம்மாவுக்கு ரயில்தான் நல்லதுன்னு சொல்லுவேன். பாலக்காடு – திருச்செந்தூர் ரயில் பழனி வழியா போகுது. காலைல பழனில ஏறி உட்கார்ந்தா திண்டுக்கல், மதுரை, விருதுநகர், கோவில்பட்டின்னு மதியத்துக்கு மேல நெல்லை வந்துரும், அதே ரயில் அப்படியே ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியா திருச்செந்தூர் வரைக்கும் போகுது. பழனி முருகன்ட்ட ஏறி திருச்செந்தூர் முருகன்ட்ட இறங்கலாம், நடுவுல மதுரை தாண்டினதும் ஜன்னல்லயே திருப்பரங்குன்றம் மலை தெரியும், அம்மா கும்பிட்டுக்குவாங்க. டைம் மாறும், டிக்கெட் போடும்போது பார்த்துக்கோங்க.

முந்தின நாள் சாயங்காலமே பழனிக்கு இறங்கி தங்கிடுங்க, நம்ம ஊர்ல இருந்து பழனி ரோடு வளைவு ஜாஸ்தி, இறங்கின கையோட ரயில் ஏத்தினா அம்மா தாங்க மாட்டாங்க. வெறும் வயித்துல இறக்காதீங்க, ரொம்ப சாப்பிட வெச்சும் இறக்காதீங்க. முக்கியமா தைப்பூசம் என்னிக்குன்னு பார்த்துட்டு தேதி குறிங்க. பூசத்தை ஒட்டி ஒரு வாரம் பழனில பாதயாத்திரை கூட்டம், ரூமும் கிடைக்காது ரயில்ல கால் வைக்கவும் முடியாது. நெல்லைல இறங்கினதும் அங்கயே ஒரு கார் ரெண்டு நாளைக்கு பேசிக்கோங்க, இங்கருந்து கார் எடுத்துட்டு போறதுக்கு பாதி செலவுதான் ஆகும்.


நாயுடுபுரம் 77:

ஒரே நாள்ல ஒன்பதும் முடியும் நண்பா, பயப்படாதீங்க. நாங்க நாலு பேர் நெல்லைல விடியக்காலை நாலரைக்கு கிளம்பி பாபநாசத்துல ஆரம்பிச்சு நவகைலாயம் முழுக்க அன்னிக்கே பார்த்தோம், மதியம் நடை சாத்தற நேரத்துல சாப்பிட்டு தூங்கிட்டு மிச்சத்தை சாயங்காலம் பார்த்தோம். பரிகாரம்னா ஒரே நாள்ல முடிக்கணும்னு எங்க வீட்ல சொல்லுவாங்க, அதனால நான் விட சொல்ல மாட்டேன். டிரைவர் நல்லவரா அமைஞ்சா போதும்.


ஏரல் பொண்ணு:

பூம்பாறை அண்ணாச்சி, நான் பிறந்தது ஏரல், கல்யாணமாகி பண்ணைக்காடு வந்து 14 வருஷம் ஆச்சு. எங்க ஆச்சி இன்னும் ஏரல்லதான் இருக்காவ. உங்க பதிவ படிச்சிட்டு அடுப்ப அணைச்சிட்டு வந்து எழுதுறேன், நீளமாத்தான் வரும்.

நாயுடுபுரம் அண்ணன் சொல்றது நாலு வாலிப பசங்களுக்கு சரி. 68 வயசு அம்மாவுக்கு அதை செஞ்சிடாதீங்க. எங்க மாமியார நாங்க மூணு வருஷம் முன்னாடி ஒரு வேன்ல அனுப்பிவிட்டோம், நவதிருப்பதி பேக்கேஜ், ஒன்பது கோயிலும் மதியத்துக்குள்ளன்னு சொன்னாங்க. ஒவ்வொரு கோயில்லயும் இறங்குங்க ஏறுங்க இறங்குங்க ஏறுங்க. ஆழ்வார்திருநகரில அத்தை புளிய மரத்தை சுத்தி வர்றதுக்குள்ள வெளிய ஹாரன் அடிச்சிருக்காங்க. கடைசி ரெண்டு கோயில் நடை சாத்தியாச்சு, கோபுரத்தை கும்பிட்டுக்கோங்கன்னு சொல்லி கூட்டிட்டு வந்துட்டாங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் அத்தை சரியா பேசவே இல்ல. மூணாம் நாள் கேட்டாங்க, "ஏம்மா, ஆறு எங்க இருந்துச்சு?"ன்னு. ஆத்தங்கரை கோயில் அத்தனைக்கும் போயிட்டு ஆத்தையே பார்க்காம வந்திருக்காவ. எனக்கு அன்னிக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு, எங்க ஊரு ஆறு அது.

அதனால நான் சொல்றது, கோயிலை எண்ணாதீங்க, ஆத்தோட போங்க. நவகைலாயம் கதையே ஆத்தோட கதைதான். அகத்தியரோட சிஷ்யர் உரோமச முனிவர் ஒன்பது பூவ தாமிரபரணில மிதக்க விட்டார், ஒவ்வொரு பூவும் ஒதுங்கின இடத்துல ஒரு சிவன் கோயில்னு சொல்லுவாங்க. முதல் பூ பாபநாசம். அப்புறம் சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி. கடைசி பூ போய் சேர்ந்த ஊர் சேர்ந்தபூமங்கலம், அதுக்கு அந்தாண்ட புன்னைக்காயல்ல ஆறு கடல்ல கலந்துரும். அந்த பூ அவசரப்பட்டு போகல பாருங்க, தண்ணி போன வேகத்துக்கு போச்சு.

இப்ப அம்மாட்ட எதையும் விடலாம்னு சொல்லாமலே ரெண்டு லிஸ்ட்டையும் ஒட்ட வைக்க ஒரு வழி இருக்கு. ரெண்டு லிஸ்ட்டுலயும் ஒவ்வொரு கோயிலும் ஒரு கிரகத்துக்குன்னு சொல்லுவாங்க. ஸ்ரீவைகுண்டமும் தென்திருப்பேரையும் ரெண்டு லிஸ்ட்டுலயும் வர்ற ஊர். ஸ்ரீவைகுண்டத்துல கள்ளபிரான் நவதிருப்பதில முதல் கோயில், அதே ஊர்ல கைலாசநாதர் நவகைலாயத்துல சனி ஸ்தலம். ஜோசியர் சொன்னது சனிக்குத்தானே, அப்ப அம்மாவுக்கு முக்கியமா பார்க்க வேண்டியது அந்த கைலாசநாதர்தான். தென்திருப்பேரைல மகரநெடுங்குழைக்காதர் சுக்கிரன், அங்க இருக்கற கைலாசநாதர் புதன். ரெண்டு ஊருக்கும் நடுவுலதான் ஆழ்வார்திருநகரி. இந்த மூணு ஊரை மட்டும் ஒரு நாள் முழுக்க வெச்சுக்கிட்டா அஞ்சு கோயில் ஆச்சு, அம்மா ஒவ்வொண்ணுலயும் உட்கார்ந்து எந்திரிக்கலாம்.

காலைல ஸ்ரீவைகுண்டத்துக்கு சீக்கிரமா போயிடுங்க. கள்ளபிரான் நின்ன கோலத்துல இருப்பார், ஆதிசேஷன் தலைக்கு மேல குடை பிடிச்ச மாதிரி. திருடுனதுல பாதிய பெருமாளுக்கு குடுத்த ஒரு திருடனுக்காக வந்ததால அந்த பேர்னு சொல்லுவாங்க. சித்திரை 6, ஐப்பசி 6 அன்னிக்கு விடியக்காலை சூரிய வெளிச்சம் நேரா சுவாமி மேல விழும். அங்கிருந்து நத்தமும் திருப்புளியங்குடியும் ரெண்டு மூணு கிலோமீட்டர்தான், அம்மாவுக்கு தெம்பு இருந்தா மட்டும் போங்க. ஆனா திருப்புளியங்குடிய நான் விட மாட்டேன். பெருமாள் பெருசா படுத்திருப்பார், சன்னதில நின்னா பாதம் தெரியாது, வெளிய பிரகாரத்துல வந்தா சுவத்துல ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அது வழியா பார்த்தா பாதம் மட்டும் பக்கத்துல தெரியும். சின்ன வயசுல ஆச்சி என்னை தூக்கிப்பிடிச்சு காட்டுவாவ, எண்ணெய் வாசமும் துளசி வாசமும் அந்த ஜன்னல் வழியாவே வரும். உங்க பையனையும் அப்படி தூக்கி காட்டுங்க.

ஆழ்வார்திருநகரில நம்மாழ்வார் இருந்த புளிய மரம். உறங்காப் புளின்னு பேரு, மத்த புளிய மரம் மாதிரி ராத்திரில இலை மூடாதாம். பேசாம கொள்ளாம அந்த மரத்தடியில 16 வருஷம் இருந்த பிள்ளை, மதுரகவியாழ்வார் வந்து கேட்டப்பறம்தான் வாய் திறந்தார்னு சொல்லுவாங்க. அம்மாவ அங்க அரை மணி நேரம் சும்மா உட்கார விடுங்க. தென்திருப்பேரைல கருடன் சன்னதிக்கு நேரா இருக்க மாட்டார், கொஞ்சம் தள்ளி இருப்பார். வெளிய பிள்ளைங்க விளையாடுறத பெருமாள் பார்க்கணும்னு விலகி நிக்கிறாராம். இதை உங்க பிள்ளைங்கட்ட அங்க போய் சொல்லுங்க, முன்னாடியே சொல்லிடாதீங்க.

நடை விஷயம், பன்னெண்டு மணிக்கு சாத்திருவாங்க, சின்ன கோயில்ல இன்னும் முன்னாடியே கூட, திரும்ப திறக்க சாயங்காலம் அஞ்சு ஆகும். ஒரே பட்டர் ரெண்டு கோயிலுக்கு பூஜை பண்ற ஊரும் உண்டு, அவர் வர்ற வரைக்கும் காத்திருக்கறதுல தப்பில்ல. நடுவுல இருக்கற நேரம் முழுக்க ஆறுதான். தயிர் சாதம் கட்டிக்கோங்க, சின்ன ஊர்ல ஹோட்டல் தேடி அலையாதீங்க. பிரகாரத்துல கல்லு பதினோரு மணிக்கே கொதிக்கும், நம்ம மலை ஆளுங்க காலுக்கு அது பழக்கமே இல்ல, அம்மாவுக்கு கெட்டி சாக்ஸ் ஒண்ணு எடுத்துக்கோங்க. தை மாசம் நல்ல மாசம், ஆத்துல தண்ணியும் இருக்கும் வெயிலும் மோசமில்ல. ஐப்பசி கார்த்திகை மார்கழின்னா நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை, ஏரல் தனித்தீவா நின்னுச்சு, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலோட 800 பேர் மாட்டிக்கிட்டாங்க. ஆச்சிக்கு ரெண்டு நாள் போன் போகல, நான் இங்க பண்ணைக்காட்டுல உட்கார்ந்து அழுதுட்டே இருந்தேன்.

மிச்ச ஒரு நாள் மேல போங்க, பாபநாசம். நெல்லைல இருந்து 50 கிலோமீட்டர் கிட்ட வரும். கோயில் முன்னாடியே ஆறு, படித்துறைல பொரி போட்டா மீன் கூட்டமா வந்து மொய்க்கும், உங்க பையன் அங்கயே நின்னுடுவான். உள்ள உலகம்மை சன்னதில உரல் இருக்கு, பொம்பளைங்க விரலி மஞ்சள போட்டு இடிச்சு அம்மனுக்கு குடுப்பாங்க, ஒரு பாக்கெட் மஞ்சள் வாங்கிட்டு போங்க, அம்மாவ உட்கார வெச்சு இடிக்க சொல்லுங்க. அகஸ்தியர் அருவி, சொரிமுத்து அய்யனார் எல்லாம் செக்போஸ்ட் தாண்டி காட்டுக்குள்ள, இந்த தடவை வேண்டாம்.

திரும்பி வர்ற வழில திருப்புடைமருதூர். இது ரெண்டு லிஸ்ட்டுலயும் இல்ல, ஆனா நான் கெஞ்சி கேக்கறேன், போங்க. கடனா நதி தாமிரபரணில சேர்ற இடம். நாறும்பூநாதர் லிங்கம் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கும். ஆத்துல வெள்ளம், கருவூர் சித்தர் அக்கரைல நின்னு கூப்பிட்டார், சுவாமி காது குடுத்து கேட்க சாய்ஞ்சவர் அப்படியே இருந்துட்டார்னு சொல்லுவாங்க. அந்த சன்னதில நின்னா நமக்கே எதையாவது மெதுவா சொல்லணும்னு தோணும். அப்பாவ பத்தி அம்மாவுக்கு சொல்ல வேண்டியது இருந்தா அங்க சொல்லட்டும்.


மூஞ்சிக்கல் வாத்தியார்:

ஏரல் பொண்ணு எழுதினத ரெண்டு தடவை படிச்சேன், நல்லா எழுதியிருக்கம்மா. நான் அந்த பொண்ணு ஆதிச்சநல்லூர் பார்க்கணும்னு சொல்லியிருக்கா இல்ல, அதுக்காக வர்றேன்.

தம்பி, கோயில் நேரம் முடிஞ்சு மிச்சம் இருந்தா பார்க்கலாம்னு அதை கடைசில வெச்சிடாதீங்க. ஸ்ரீவைகுண்டத்துக்கு எதிர்க்கரைல, நெல்லை – திருச்செந்தூர் ரோட்டு மேலயே இருக்கு, 114 ஏக்கர் பரம்பு, பழங்காலத்து இடுகாடு. 1876ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் முதல்ல தோண்டினார், அப்புறம் அலெக்சாண்டர் ரியா 1899ல இருந்து 1905 வரைக்கும் தோண்டி தங்கப் பட்டம், வெண்கலப் பாத்திரம், இரும்பு ஆயுதம்னு நிறைய எடுத்தார், அதுல பெரும்பகுதி சென்னை எழும்பூர் மியூசியத்துல இருக்கு. 2004ல திரும்ப தோண்டினப்ப நூத்துக்கு மேல முதுமக்கள் தாழி, அதான் செத்தவங்கள வெச்சு புதைக்கிற பெரிய மண் பானை, வந்துச்சு. இப்ப அந்த இடத்துலயே 2023ல இருந்து ஒரு சின்ன மியூசியம் இருக்கு. தோண்டின குழிய மூடாம மேல கண்ணாடி போட்டு தளம் பண்ணியிருக்காங்க, நாம நிக்கிற காலுக்கு கீழ தாழிங்க இருந்த இடத்துலயே இருக்கும். திறந்திருக்கற நேரத்த போன்ல கேட்டுட்டு போங்க.

பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லுங்க. தாண்டிக்குடி, பேத்துப்பாறை பக்கம் நம்ம மலைல கல்திட்டை இருக்கே, மாடு மேய்க்கிற பசங்க மழைக்கு ஒதுங்கிற அந்த கல்லு வீடு, அதுவும் செத்தவங்களுக்காக கட்டினதுதான். மேல கல்லு கிடைச்சது, கல்லுல வீடு கட்டி அனுப்பினாங்க. கீழ ஆத்து மண்ணு, தாழி பண்ணி அதுக்குள்ள நெல்லு, பாத்திரம் எல்லாம் வெச்சு அனுப்பினாங்க. ரெண்டும் இரும்புக் காலத்தோட வழக்கம். முடிஞ்சா கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை பேத்துப்பாறைல கல்திட்டைய காட்டிட்டு அப்புறம் கூட்டிட்டு போங்க. பாட்டி அங்க வர மாட்டேன்னு சொன்னா வற்புறுத்தாதீங்க, ஒரு வருஷம்தான் ஆகுது, தாழிய பார்க்க மனசு இருக்காது. ரோட்டுல வேப்ப மரத்தடியில கார்ல உட்கார வெச்சுட்டு நீங்களும் பொண்ணும் மட்டும் போயிட்டு வாங்க.

அதே ரோட்டுல நெல்லைக்கு 13 கிலோமீட்டர்ல கிருஷ்ணாபுரம், வெங்கடாசலபதி கோயில், நாயக்கர் காலத்து சிற்பம். குறவன் அரசகுமாரிய தோள்ல தூக்கிட்டு ஓடுற தூண் ஒண்ணு இருக்கு. பக்கத்துல போய் பாருங்க, ஓடி ஓடி களைச்சு போன குறவனோட விலா எலும்பு ஒவ்வொண்ணா தெரியும், கால்ல நரம்பு புடைச்சு நிக்கும், அத்தனையும் கல்லு. நான் 30 வருஷம் முன்னாடி ஸ்கூல் பிள்ளைங்கள கூட்டிட்டு போயிருந்தேன், வகுப்புல வாயே திறக்காத ஒரு பையன் அந்த தூணு முன்னாடி நின்னு, சார் இவருக்கு மூச்சு வாங்குதுன்னு சொன்னான். இன்னும் எனக்கு அது மறக்கல.

நெல்லையப்பர் கோயில சாயங்காலத்துக்கு வைங்க. ரொம்ப பெரிய கோயில், காந்திமதி அம்மன் கோயிலுக்கும் சுவாமி கோயிலுக்கும் நடுவுல சங்கிலி மண்டபம், அந்த நடையே அம்மாவுக்கு ஒரு மைல் மாதிரி இருக்கும், கேட்டா வீல்சேர் இருக்கானு சொல்லுவாங்க. இசைத்தூண் பாருங்க, ஒரே கல்லுல சுத்தி சுத்தி சின்ன தூணா செதுக்கியிருக்கும். தட்டி பார்க்காதீங்க, ஆளுக்கு ஆள் தட்டித்தட்டி தேய்ஞ்சிருக்கு. தாமிர சபைல மர வேலைப்பாடு, கண்ணு சிமிட்டாம நின்னு பார்க்கணும். வெளிய வந்தா அல்வா கடை, சாயங்காலம்தான் திறக்கும், வரிசை நிக்கும், அது தாமிரபரணி தண்ணியாலதான் அந்த ருசின்னு ஊர்க்காரங்க அடிச்சு சொல்லுவாங்க.


லா சலேத் ரோடு:

நான் சர்ச்சுக்கு போறவ, ஆனா இந்த ஆத்தங்கரைய பத்தி படிக்க படிக்க எனக்கும் கிளம்பணும்னு இருக்கு. அண்ணா, நெல்லைல நேரம் இருந்தா பாளையங்கோட்டைல ஊசிக் கோபுரம் பாருங்க, 1826ல கட்டின சர்ச், கோபுரம் ஊசி மாதிரி ஒல்லியா மேல போகும். நெல்லைக்கும் பாளைக்கும் நடுவுல ஆத்து மேல இருக்கற பாலம் சுலோசன முதலியார் தன் சொந்த காசுல கட்டினது, 1843. அந்த பாலத்து மேல போறப்ப பிள்ளைங்கள ஒரு நிமிஷம் நிறுத்தி சொல்லுங்க, ஊருக்காக ஒருத்தர் வீட்டு பணத்தை எடுத்து கட்டின பாலம்னு. எங்க பாட்டி பொட்டல்புதூர் தர்காவுக்கும் நேர்ந்துக்கிட்டு போவாங்க, அங்க எல்லா சாதி மதத்துக்காரங்களும் வருவாங்க, பாபநாசம் போற பக்கம்தான், உங்களுக்கு நேரம் இருக்கானு பாருங்க.


பூம்பாறைக்காரன்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுனு தெரியல. நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மாவுக்கு முழுசா படிச்சு காட்டினேன். அந்த அத்தை ஆறு எங்க இருந்துச்சுன்னு கேட்ட இடத்துல என்னை நிறுத்த சொல்லிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் அவங்களாவே சொன்னாங்க, சனி கோயில் ஒண்ணு பார்த்தா போதும், மிச்சம் அவன் விட்ட வழி, திரும்ப ஒரு தடவை வரலாம்னு. திரும்ப வரலாம்னு அம்மா சொல்லி ஒரு வருஷத்துல இப்பதான் கேக்கறேன்.

ஒண்ணு கேக்க விட்டுப்போச்சு. அப்பாவோட வேட்டி ஒண்ணு, நாலு முழம், அம்மா டிரங்கு பெட்டில வெச்சிருக்காங்க. பாபநாசத்துல குளிச்சிட்டு அதை ஆத்துல விட்டுட்டு வரணும், அப்பதான் பாவம் கழியும்னு பெரியம்மா சொல்லியிருக்காங்க. அது எப்படி செய்யறது, அய்யர் யாராவது இருப்பாங்களா, இல்ல நாமளே விடலாமா?


ஏரல் பொண்ணு:

அண்ணாச்சி, விடாதீங்க. கோபப்பட்டு சொல்லல, கைய கூப்பி கேக்கறேன்.

பாபநாசம் படித்துறைல இறங்கி நின்னா கால்ல சேலை சுத்தும், வேட்டி சுத்தும். ஊர் ஊரா வர்றவங்க எல்லாம் கட்டியிருந்த துணிய விட்டுட்டு போறாங்க, அது எங்கயும் போறதில்ல, பாறை இடுக்குலயும் மரத்து வேர்லயும் மாட்டி அழுகுது. மீனு அதுல சிக்கி சாகுது. குளிக்க வந்தவங்க கால் சிக்கி விழுறாங்க. அந்த ஊர் பசங்க லீவு நாள்ல இறங்கி மூட்டை மூட்டையா எடுக்காங்க, அடுத்த அமாவாசைக்கு திரும்ப அதே மாதிரி ஆகிடுது. அதே தண்ணிதான் கீழ எட்டு அணைக்கட்டு தாண்டி எங்க வீட்டு குழாய்க்கு வருது, எங்க ஆச்சி குடிக்கற தண்ணி. நம்ம மலைல ஒரு தண்ணி பாட்டிலுக்கு 20 ரூபா பசுமை வரி போடுறாங்க, நாமளும் சரின்னு இருக்கோம்ல, அந்த மாதிரி நினைச்சுக்கோங்க.

எங்க தாத்தா போனப்ப ஆச்சி தாத்தா துண்ட எடுத்துட்டு போய் ஆத்துல மூணு தடவை முக்கி எடுத்து பிழிஞ்சு வீட்டுக்கே கொண்டு வந்துட்டாவ. கொடில காயப்போட்டு மடிச்சு வெச்சாவ. ஆறு பார்த்தா போதும், ஆத்துக்கு துணி எதுக்குன்னு சொன்னாவ. அய்யர்ட்ட தர்ப்பணம் குடுக்கறதா இருந்தா படித்துறைலயே குடுக்கலாம், எள்ளும் தண்ணியும்தான். தண்ணி வேகத்த மட்டும் பார்த்துக்கோங்க, மேல அணைல திறந்தா சட்டுனு ஏறும், அம்மாவ முதல் படிலயே உட்கார வெச்சு செம்புல மொண்டு ஊத்துங்க.

ரெண்டாம் நாள் ஆழ்வார்திருநகரி வர்றப்ப ஏரலுக்கும் வந்துட்டு போங்க. ஆச்சிட்ட சொல்லிட்டேன். சொதி வெச்சு சோறு பொங்கி வைக்கேன்னு சொல்லியிருக்காவ. வீட்டுக்கு பின்னாடி வாழைத்தோட்டம் வழியா இறங்கினா ஆறு, அங்க மணல்தான், படி இல்ல, தண்ணி முழங்கால் அளவு. உங்க பையனுக்கு அது போதும்.


பூம்பாறைக்காரன்:

தைப்பூசம் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு டிக்கெட் போட்டாச்சு, பழனில ஏறுறோம். முதல் நாள் சாயங்காலம் நெல்லையப்பர், ரெண்டாம் நாள் ஸ்ரீவைகுண்டம் பக்கம், மூணாம் நாள் பாபநாசமும் திருப்புடைமருதூரும், அன்னிக்கு ராத்திரியே ஊருக்கு. திருச்செந்தூர அடுத்த தடவைக்கு வெச்சுட்டோம். ஆதிச்சநல்லூர் ரெண்டாம் நாள் மதியம் நடை சாத்தின நேரத்துல, நானும் பொண்ணும் மட்டும். பேத்துப்பாறைக்கு போன ஞாயிறே போயிட்டு வந்துட்டோம் சார், கல்லுக்குள்ள குனிஞ்சு போய் உட்கார்ந்துட்டு வர மாட்டேன்னுட்டா.

வேட்டி விஷயத்த அம்மாட்ட சொன்னேன். ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு போய் பெட்டிய திறந்து எடுத்து வெயில்ல போட்டாங்க. சாயங்காலம் மடிச்சு என் கைல குடுத்துட்டு, ஸ்ரீவைகுண்டத்துக்கு இதை கட்டிக்கிட்டு வாடான்னாங்க. கரை மடிப்புல இன்னும் அப்பா போடுற புகையிலை வாசம் இருக்கு.

ஏரல் ஆச்சிக்கு என்ன கொண்டு வரட்டும்னு கேக்க சொன்னாங்க, கேக்கறதுக்குள்ள அவங்களே மலைப்பூண்டு ரெண்டு கிலோ கட்டி வெச்சுட்டாங்க, தாளோட பின்னி. ரயில்ல பக்கத்துல இருக்கறவங்களுக்கு வாசம் அடிக்குமேன்னேன், அடிக்கட்டும்ங்கிறாங்க.


ஏரல் பொண்ணு:

ஆச்சிட்ட இப்பதான் போன்ல சொன்னேன். மலைப்பூண்டா, அப்ப அன்னிக்கு ரசமும் வைக்கேன்னாவ. ஆத்தூர் வெத்தலை ஒரு கவுளி அம்மாவுக்கு எடுத்து வைக்க சொல்லியிருக்கேன், வெத்தலை போடுவாங்களா?


பூம்பாறைக்காரன்:

போடுவாங்க. அப்பா போனதுல இருந்து விட்டிருந்தாங்க. இப்ப கேட்டேன், எடுத்து வைக்க சொல்லுனுட்டாங்க.